இருநூற்றுப் பதினாறு அட்டைகள்

எனக்குப் பொறுமை குறைவு. எழுபதுகளின் கடைசியில், ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, அது இன்னும் குறைவு. பல்கலைக்கழகத்தில் எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். நம்முடைய விவரங்களைத் தடித்த காகித அட்டைகளில் துளைகளாகப் போட்டு, கட்டாகக் கொண்டுபோய் மையத்தின் ஜன்னலில் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் அதை மெஷினில் ஓடவிட்டு, எல்லோருக்கும் பொதுவான காந்த நாடாவில் ஏற்றுவார். ஏறிவிட்டால் பிழைத்தோம்.

ஆனைக்கரை ஏலத்தோட்டங்களில் இரண்டு வருடம் மழையில் நனைந்து நான் குறித்துவந்த செடி விவரம் முழுவதும் இருநூற்றுப் பதினாறு அட்டைகளில் இருந்தது. பூஜை விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் மாலை நான்கு மணிவரைதான் ஏற்றுவார்கள், அதன்பின் பழுதுபார்க்க இரண்டு மாதம் மூடல் என்று மையத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். என் அறிக்கையோ அடுத்த மாதமே போயாக வேண்டும். போகாவிட்டால் என் இடம் காத்திருக்கும் இன்னொருவருக்கு. பிழை இருந்தால் திருத்திவிடலாம் என்று, அட்டைகளையும் குறிப்பு நோட்டையும் தேவிகுளம் பக்கத்தில் எங்கள் எஸ்டேட் லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, எடுத்துப்போனேன். அங்கேதான் வந்தது வினை.

அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். சரஸ்வதி பூஜை அன்று ஸ்பேனர், சுத்தியல், என் புத்தகங்கள் எல்லாம் சாமி படத்தின் முன்னால் போகும். பொட்டு வைக்காத சாமான் வீட்டில் ஒன்று மிஞ்சாது. அட்டைப் பெட்டியையும் கேட்டார்.

“படிப்புச் சாமானை மட்டும் வெளிய வைக்கலாமா தாயி?”

மேல் அட்டையில் ஒரு பொட்டு வைப்பார், அந்த ஒன்றைப் புதிதாகப் போட்டுக்கொண்டால் போயிற்று என்று நினைத்துக் கொடுத்துவிட்டு, அம்மாவோடு சுண்டல் தாளிக்கப் போனேன்.

மறுநாள் விஜயதசமி. காலைப் பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. அப்பாவோ, “தேங்கா ஒடச்சுப் பூசை முடியாம எடுக்கக் கூடாது” என்று நின்றார். நான் குரலை உயர்த்தினேன். அம்மாதான் குறுக்கே வந்தாள்.

“எடுத்துட்டுப் போகட்டும், விடுங்க. பஸ்ஸ விட்டுட்டு நில்லுன்னா சரசுவதி சொல்றா?”

பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாள் முழுக்கப் பஸ். விடுதிக்குப் போய் அப்படியே படுத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு முதல் ஆளாக ஜன்னலில் நின்றேன். உள்ளே இருந்த மலையாளி பெட்டியைத் திறந்து கட்டைப் பிரித்தார். “இது எந்தா, அம்பலத்திலே பிரசாதமோ?” என்றார், கோயில் பிரசாதத்தைப் பார்ப்பதுபோல.

ஒவ்வொரு அட்டையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். இருநூற்றுப் பதினாறிலும். ஸ்பேனருக்கு ஒன்று, சுத்தியலுக்கு ஒன்று என்று வைக்கிற மனுஷர், ஒவ்வொரு அட்டையையும் தனிச் சாமானாக எடுத்துக்கொண்டுவிட்டார். ஒவ்வொன்றாகக் காயவைத்து, வரிசை மாறாமல் அடுக்கியும் இருக்கிறார். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். காகிதமே உரிந்து வந்தது.

“மெஷீன் எல்லாவர்க்கும் உள்ளதா, குட்டீ” என்று கட்டை வெளியே தள்ளினார். எல்லோருக்கும் பொதுவான மெஷினில் சந்தனம் ஒட்டினால் எல்லோர் வேலையும் நின்றுபோகும். அவர் சொன்னது நியாயம். அதனால் எனக்கு ஆத்திரம் கூடியது.

அப்பாவை மனதுக்குள் திட்டாத திட்டில்லை. அழலாம், ஆனால் அழுதால் அரை மணி நேரம் போகும். துளையிடும் அறைக்குப் போய்க் காலியாக இருந்த மெஷினில் உட்கார்ந்தேன். நான்கு மணிவரை எழுந்திருக்க மாட்டேன் என்று பின்னால் வந்தவர்களிடம் சொன்னேன். முறைத்தார்கள். முறைக்கட்டும். பழைய அட்டைகளைப் பார்க்கவே பிடிக்காமல், குறிப்பு நோட்டைத் திறந்து வைத்து முதல் செடியிலிருந்து ஆரம்பித்தேன். சாப்பிடப் போகவில்லை. நூறாவது அட்டையில் விரல் மரத்தது. உதறிவிட்டு மறுபடி அடித்தேன். தப்பாகப் போன அட்டைகளைக் கிழித்துக் காலடியில் போட்டேன். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது புதுக் கட்டை ஜன்னலில் வைத்தேன். மெஷின் கடகடவென்று விழுங்கியது.

“இருநூற்றிப் பதினாறு. எல்லாம் கேறி” என்றார். எல்லாம் ஏறிவிட்டது.

பழைய கட்டைக் குப்பைக் கூடையில் போடப் போனபோதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். ஒரு துளையின்மேல்கூடப் பொட்டு விழவில்லை. அட்டைக்கு அட்டை துளைகள் இடம் மாறியிருந்தன, பொட்டும் அதற்கேற்ப விலகி விலகிப் போயிருந்தது. அந்தத் துளைகள் என்ன சொல்கின்றன என்று அப்பாவுக்குத் தெரியாது. என் எழுத்து கெடாத இடம் எது என்று இருநூற்றுப் பதினாறு தடவை தேடியிருக்கிறார். காலையிலிருந்து அவரைத் திட்டியதை நினைத்து, அந்தக் கூடைப் பக்கத்திலேயே நின்று அழுதேன்.

அன்றே ஒரு கார்டு எழுதிப் போட்டேன். ‘பொட்டோடுதான் கொண்டுபோய்க் கொடுத்தேன் அப்பா. எல்லாம் ஏறிவிட்டது.’ இரண்டும் உண்மை. நடுவில் போன ஆறு மணி நேரத்தை மட்டும் எழுதவில்லை.