ஆளில்லாத படகுக்கு ஒரு ஆள்

இருட்டிய பிறகு ஆற்றுப் பக்கமிருந்து டிங்... டிங்டிங்... என்று ஒரு சத்தம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்களோ தெரியாது. நான் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டில் மேல் ஏறி நின்றேன். அதில் என்ன பாதுகாப்பு என்று கேட்காதீர்கள். அடுத்தவர் பொருளுக்குக் காவல் இருக்கும் வேலையில் பொருள் பத்திரமாகத்தான் இருக்கும். காவல் இருப்பவருக்குத்தான் எதுவுமே பத்திரமில்லை என்று தோன்றும். துபாய்க்காரர் வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிபவர்களுக்கும், ஊருக்குப் போன நாத்தனாரின் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுபவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

என் பொறுப்பில் இருப்பது ஒரு பாய்மரப் படகு. டென்மார்க்கிலிருந்து ஹென்ரிக் என்பவர் அதிலேயே உலகம் சுற்றிக்கொண்டு வந்தார். தரங்கம்பாடிக் கோட்டையை அவருடைய நாட்டுக்காரர்கள் கட்டினார்களாம், பார்க்க வேண்டுமாம். பார்த்தார். அதற்குள் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. குளிர்காலம் முடிந்து வருகிறேன் என்று படகை முகத்துவாரத்தில் இருக்கும் காசிம் பாயின் படகுப் பட்டறையில் கட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார். பாய்க்கு விசைப்படகு தெரியும், வலை தெரியும், இங்கிலீஷில் மெயில் எழுதத் தெரியாது. நான் கான்வென்டில் படித்தவள். கணவர் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறார். எனக்கும் ஒன்றரை வயது யாழினிக்கும் இருக்க ஒரு இடம் தேவைப்பட்டது. பட்டறைக்குப் பின்னால் ஒரு அறை காலியாக இருந்தது. படகு இருக்கும்வரை அறை எங்களுக்கு. படகுக்கு ஏதாவது ஆனால் எங்களுக்கு அங்கே வேலையில்லை. ஏற்பாடு அவ்வளவுதான்.

அந்த முதல் நாள், கட்டில் மேல் நின்றபடியே பாய்க்கு போன் செய்தேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது பாய்மரத்துல கயிறு அடிக்கிற சத்தம்மா. அலுமினியக் கம்பம்ல, அப்படித்தான் கேக்கும். அடிச்சா படகு நிக்குதுன்னு அர்த்தம். அடிக்காதப்ப எனக்கு போன் பண்ணு."

பட்டியல்

ஹென்ரிக் போகும்போது என்னிடம் ஒரு பட்டியல் கொடுத்துவிட்டுப் போனார். முப்பத்தொரு குறிப்புகள், லேமினேட் செய்தது. அவர் ஊர்த் துறைமுகத்தில் ஒவ்வொரு குளிர்காலமும் படகை விட்டுவைக்கும்போது செய்கிற வேலைகள். குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் முழுவதையும் வடித்துவிட வேண்டும். மெத்தைகளைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். ஒன்பதாவது: கயிறுகளை இறுக்கமாகக் கட்ட வேண்டும், படகு சுவரை விட்டு ஒரு சாண்கூட அசையக் கூடாது.

கான்வென்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். பட்டியல் கொடுத்தால் மேலிருந்து கீழே டிக் போட வேண்டும், நடுவில் கேள்வி கேட்கக் கூடாது. நான் டிக் போட்டேன். ஐப்பசி வெயிலில் வியர்த்து ஊற்ற, குழாய் உறையாமல் இருக்க வேண்டியதையெல்லாம் செய்தேன். கூட நின்று உதவியவர் கலியமூர்த்தி அண்ணன். பக்கத்துக் குப்பத்துக்காரர், கடலுக்குப் போகாத நாளில் பட்டறையில் வேலை செய்வார். இங்கிலீஷ் எழுதுகிறேன் என்பதால் அவருக்கு நான் டீச்சர். கயிற்றை ஒன்பதாம் குறிப்புப்படி இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "வெள்ளக்காரரு குளிருக்குப் பயந்து எல்லாம் எழுதியிருக்காரு. நமக்கு இது மழைக்காலம்னு அவருகிட்ட யாராச்சும் சொன்னீங்களா, டீச்சர்?"

யாரும் சொல்லவில்லை.

கதவு

பட்டறையில் ஒழுகாத அறை என்னுடையது ஒன்றுதான். அதனால் உபரிக் கயிறெல்லாம் என் அறையில்தான். கட்டிலுக்குக் கீழே, மூலையில், தொட்டில் பக்கத்தில், மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கும். காற்று அடித்தால் படகுகளைக் கட்ட எந்த நேரமும் ஆட்கள் வந்து எடுப்பார்கள் என்பதால் கதவைச் சாத்தலாம், தாழ்ப்பாள் போடக் கூடாது. இது பாயின் சட்டம். பல்லிக்குப் பயப்படுகிறவள் நான். தாழ்ப்பாள் போடாத கதவுக்கு உள்ளே, ஆற்றங்கரையில், கைக்குழந்தையோடு எப்படித் தூங்கினேன் என்று கேட்டால், தூங்கவில்லை.

நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். கதவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முட்டுக்கொடுத்து, அதன்மேல் ஆறு எவர்சில்வர் தட்டுகளை அடுக்கினேன். நாலாம் நாள் விடியற்காலையில் தட்டுகள் அத்தனையும் தரையில் உருண்டன. குழந்தை வீறிட்டது. நான் அரிவாள்மணையைக் கையில் எடுத்துவிட்டேன். வாசலில் கலியமூர்த்தி அண்ணன், தலையில் துண்டு, கையில் டார்ச். என்னையும் அரிவாள்மணையையும் தட்டுகளையும் நிதானமாகப் பார்த்தார்.

"கயிறு எடுக்கத்தான் வந்தேன் டீச்சர், டிபன்லாம் வேணாம்."

கல்யாணப் பெண்

மயிலாடுதுறையிலிருந்து ஒரு கல்யாண ஜோடி கேமராக்காரரோடும் பெண்ணின் அம்மாவோடும் வந்து இறங்கியது. படகில் ஏறி நின்று போட்டோ எடுக்க வேண்டுமாம். பட்டியலில் இருபத்திரண்டாவது, யாரும் ஏறக் கூடாது. மாப்பிள்ளை கெஞ்சினார். கேமராக்காரர், "பத்தே நிமிஷங்க, செருப்பைக் கழட்டிடுறோம்" என்றார். நான் லேமினேட் பட்டியலைக் காட்டினேன். பெண்ணின் அம்மா அதை வாங்கி, இங்கிலீஷ் என்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பிறகு என் அறையை எட்டிப் பார்த்தார். தொட்டில், கயிறு, தட்டு, நாற்காலி. என் பக்கத்தில் வந்து குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஆளில்லாத படகுக்கு ஒரு ஆளு போட்டிருக்காங்க, சரி. உனக்கு யாரும்மா இருக்கா?"

அப்பா

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடவில்லை. ஹென்ரிக்குக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் எழுதும் கடிதத்தில் 'சற்றே மழை' என்று எழுதினேன். வாடிக்கையாளரைக் கலவரப்படுத்தக் கூடாது என்பது நானாகச் சேர்த்துக்கொண்ட முப்பத்திரண்டாவது குறிப்பு.

அப்பா குத்தாலம் பக்கம் சம்பா சாகுபடி செய்கிறார். மழையின் நாலாம் நாள் காலையில் போன் செய்தார். பயிர் மூன்று நாளாக மூழ்கிக் கிடக்கிறதாம். இனி தாங்காது என்று விடிகாலையிலேயே வரப்பை வெட்டி வாய்க்காலில் வடியவிட்டுவிட்டார்களாம். அவர் மட்டுமா? "ஊரே வெட்டிவிட்டிருக்கு, பக்கத்து ஊரும்தான்" என்றார். அவர் பயிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணக்கு வேறு பக்கம் ஓடியது. அந்த வயல்களிலிருந்து வடியும் தண்ணீர் வாய்க்காலாக, ஆறாக, கடைசியில் எங்கள் முகத்துவாரத்துக்குத்தான் வந்தாக வேண்டும். வயல்காரர் வீட்டுப் பெண் நான். இது எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் ஏறும், படகும் கூடவே ஏறப் பார்க்கும். ஒன்பதாவது குறிப்பு அதை ஏற விடாது.

உடனே ஹென்ரிக்குக்கு எழுதினேன், கயிற்றைத் தளர்த்தட்டுமா என்று. பதில் வந்தது: தயவுசெய்து கயிறுகளைத் தொட வேண்டாம், முப்பது வருடமாக இப்படித்தான் கட்டுகிறேன். நான் கீழ்ப்படிந்தேன். வெறுமனே இல்லை, 'நன்றி, அப்படியே செய்கிறேன்' என்று பதிலும் போட்டேன். பிறகு அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன்.

"வர்ற தண்ணி உன் லெட்டரைப் படிச்சுட்டா வரப்போவுது? கயித்த வுடு பாப்பா."

சத்தம் நின்றது

மறுநாள் சாயங்காலம் நாலு மணி. யாழினிக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. இன்னும் இரண்டு வாய் ஊட்டினேன். பிறகுதான் உறைத்தது, டிங் இல்லை. காற்று அடிக்கிறது, டிங் இல்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஆணியில் தொங்கிய பட்டியலையும் உருவிக்கொண்டு வெளியே ஓடினேன். செம்மண் நிறத்தில் தண்ணீர் பட்டறைச் சுவரின் விளிம்புக்கு ஏறியிருந்தது, வைக்கோலும் ஆகாயத்தாமரையுமாக. படகின் ஒரு பக்கம் மேலே எழும்பியிருக்க, கயிறு கட்டிய பக்கத்தை யாரோ கழுத்தைப் பிடித்து அமுக்குகிற மாதிரி படகு சுவர்ப் பக்கம் சாய்ந்து கிடந்தது. பாய்மரமும் சாய்ந்துவிட்டதால் டிங் அடிக்கிற கயிறு கம்பத்தில் படாமல் தள்ளித் தொங்கியது. இன்னும் ஒரு சாண் ஏறினால் தண்ணீர் படகுக்குள் இறங்கிவிடும்.

பாயின் போன் சுவிட்ச் ஆஃப். கத்தியதில் கலியமூர்த்தி அண்ணனும் இன்னும் மூன்று பேரும் ஓடிவந்தார்கள். முடிச்சு இறுகிக் கல்லாகிவிட்டது, அவிழாது. முதலில் என் அறையில் புகுந்து கட்டிலுக்குக் கீழே, மூலையில், தொட்டில் பக்கத்தில் இருந்த நீளக் கயிறுகளையெல்லாம் இழுத்துக்கொண்டு போய், தொய்வு விட்டுத் தூரத்துத் தென்னைகளில் கட்டினார்கள். பழைய கயிறுகளை வெட்ட வேண்டியதுதான் பாக்கி. அண்ணன் அரிவாளை ஓங்கினார், வெட்டவில்லை. என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லணும் டீச்சர். நாளைக்கு ஒண்ணுன்னா, குப்பத்தான் வெட்டிட்டான்னுதான் பேச்சு வரும்."

ஒரு கையில் குழந்தை, அவள் வாயில் சோறு. மறு கையில் பட்டியல், நனையாது, லேமினேட். கீழ்ப்படியாமல் எப்படிப் பேசுவது என்று பன்னிரண்டு வருடப் படிப்பில் ஒருவரும் சொல்லித்தரவில்லை. அறை போகும், வேலை போகும் என்று தெரியும். வாயைத் திறந்தேன், வந்தது ஒரே வார்த்தை. "வெட்டுங்க."

நாலு வெட்டு. படகு விக்கல் எடுத்த மாதிரி ஒரு துள்ளு துள்ளி நிமிர்ந்து, தொய்ந்த கயிறு இழுபடும்வரை நகர்ந்து போய், நின்றது. நாங்கள் ஐந்து பேரும் மழையில் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். டிங். அப்புறம், டிங்டிங்.

அண்ணன் அரிவாளைத் துடைத்தார். "அந்த ஒம்பதுக்குப் போட்ட டிக்கை அழிச்சுடுங்க, டீச்சர்."

பதில்

இரவு குழந்தை தூங்கியதும் ஹென்ரிக்குக்கு எழுதினேன். உத்தரவை மீறியதற்கு மன்னிப்பு, வெட்டிய கயிறுகள் நான்கு, காரணம் இது, புகைப்படங்கள் இணைப்பில், அறையை எப்போது காலி செய்ய வேண்டும். எழுத்துப் பிழை வந்து மூன்று முறை திருத்தினேன். அங்கே அப்போது பகல். பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. பேத்தி பிறந்திருக்கிறாளாம். படம் பார்த்தாராம், கயிறு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரியாம், தான் திரும்பி வரும்வரை நானே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கடைசியில் ஒரு வரி:

"குழாய்களில் தண்ணீர் உறையவில்லையே?"

உறையவில்லை என்று எழுதினேன். நிமிர்ந்து பார்த்தால் அறை பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. கட்டிலுக்குக் கீழே தரை தெரிந்தது. மூலையில் மூலை தெரிந்தது. ஒரு முழக் கயிறுகூட மிச்சமில்லை. யாரும் வந்து எடுக்க இந்த அறையில் எதுவுமே இல்லை.

அடுத்தவர் படகைக் காப்பாற்றியதில் எனக்குக் கிடைத்த லாபம் என்னவென்றால், நாற்காலியையும் தட்டுகளையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, துருப்பிடித்துக் கிடந்த தாழ்ப்பாளில் தேங்காய் எண்ணெய் விட்டு, குழந்தை விழிக்காமல் குழவியால் இரண்டு தட்டு தட்டி, உள்ளேயிருந்து கதவைத் தாழிட்டேன்.