இடமிருந்து மூன்றாவது ஆள்

எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இருபத்தாறு வயதில், மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தபோது, ஒரு படவிளக்கை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது.

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் களியக்காவிளைப் பக்கம். வேலை இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். லீவு கிடைத்து அவர் வந்து சேர்வது கல்யாணத்துக்கு முந்தின நாள்தான். அப்பா இல்லாத வீடு. பேசி முடித்தது அம்மாவும் நானும். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் எல்லார் முன்னிலும் அறிவிப்பார். மூன்றாம் ஓலையும் வாசித்துவிட்டால் அப்புறம் பின்வாங்குவது நடக்காத காரியம்.

இரண்டாம் ஓலை வாசித்த அன்று மத்தியானம், சோறு விளம்பிக்கொண்டே தங்கை சொன்னாள்: “அண்ணே, அவரு மொகத்த ஒருக்கா பாக்கணும். பாத்துட்டுதான் மூணாம் ஓலைக்குச் சரின்னு சொல்லுவேன்.”

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கோ உள்ளுக்குள் உறுத்தல். அவளிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் போட்டோ கிடையாது. ஆனால் அவர் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார்: தோட்டத்து வாத்தியார்கள் எட்டுப் பேரை நிற்கவைத்து எடுத்த படத்தைக் கண்ணாடியில் பதித்து உங்கள் ஊர் மிஷன் துரைக்கு அனுப்பியிருக்கிறார்கள், அதில் இடமிருந்து மூன்றாவது ஆள் நான். மறுநாளே துரையின் பங்களாவுக்கு ஓடினேன். கண்ணாடிப் படத்தையும், அதைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் படவிளக்கையும் சனிக்கிழமை வரை இரவல் தந்தார்.

எங்கள் வீட்டில் நெல் வைக்கும் உள்ளறையான அரங்குக்கு ஜன்னல் கிடையாது, பகலிலேயே இருட்டு. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். படத்தைத் தலைகீழாகச் செருகினால்தான் சுவரில் நேராக விழும். மற்ற படங்களில் செருகும் பக்கம் தெரிய மூலையில் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கும். இதில் அது உதிர்ந்துபோயிருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. செருகினேன், ஆட்கள் கால் கீழாக, தலை மேலாக நின்றார்கள். அது போதும் எனக்கு.

ஆனால் நின்றது எட்டுப் பேரா எட்டு மூட்டையா என்று தெரியாத கலங்கல். வேட்டிக் கரை மட்டும் கோடாகத் தெரிந்தது. “எல்லாரும் வேட்டிய இடப்பக்கமா குத்தியிருக்காவளே அண்ணே?” என்றாள் தங்கை. எங்கள் பக்கத்தில் நாங்களும் இந்துக்களும் வேட்டி நுனியை இடுப்பில் வலப்பக்கம் குத்துவோம், முஸ்லிம்கள் இடப்பக்கம். “இலங்கையில அதுதான் நாகரிகமா இருக்கும். சும்மா கெட ஏட்டி” என்று வள்ளென்று விழுந்தேன்.

அதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. திரையாகத் தொங்கவிட்ட வேட்டி கதவுக் காற்றில் ஆடியதால் அதைக் கழற்றிச் சுவருக்கு வெள்ளையடித்தேன். சுண்ணாம்பு காய்வதற்குள் விளக்கேற்றினேன். ஈரத்தில் முகங்களெல்லாம் அம்மைத் தழும்பாகத் தெரிந்தன. திரியை ஏற்றினால் புகைந்தது, இறக்கினால் மங்கியது. விளக்கின் சிம்னிக் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்தேன். வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, விளக்கை ஒரு சாண் பின்னால் தள்ளினால் என்ன என்று தோன்றும். பிள்ளைகளை அந்த வாரம் காரணமில்லாமல் அடித்தேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

நெல் போட்டுவைக்கும் பத்தாயம் பாதி அறையை அடைத்துக்கொண்டதால் விளக்கைக் கோணலாகத்தான் வைக்க முடிந்தது. ஒரு பக்கம் தெளிந்தால் மறுபக்கம் கலங்கும். எனக்கு வேண்டியது இடப்பக்கம்தானே? வியாழக்கிழமை இடமிருந்து மூன்றாவது ஆள் துலங்கினார். நெடுநெடுவென்ற உயரம், கட்டிய கை, எடுப்பான மீசை. “ஐசுவரியமான மொகம்” என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஏதோ நானே செய்துவைத்த ஆள் போல நிமிர்ந்து நின்றேன்.

தங்கை மட்டும், “அந்தப் பக்கம் தெளியல்லியே அண்ணே” என்றாள்.

வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. கட்டிக்கப்போகிறவனை விட்டுவிட்டு இவள் யாரைப் பார்க்கிறாள்? “ஏட்டி, உனக்கு எவன் மொகம் தெளியணும்?” என்று கத்தினேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் கடைசித் தடவையாகத் திரியைக் கத்தரித்து நேராக்கினேன். படம் பளிச்சென்று விழுந்தது. வரிசையின் நடுவில், ஒருவர் காலடியில் ஒரு சிலேட்டு. அதில் எழுதியிருந்ததைப் படிக்கப் போனேன். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நின்றது.

அப்போதுதான் தங்கை சொன்ன வேட்டி நினைவுக்கு வந்தது. படத்தை முன்பின்னாகச் செருகியிருக்கிறேன். இடம் வலமாகிவிட்டது. ஐந்து நாளாக நான் துலக்கியது வேறு எவனையோ. மாப்பிள்ளை அந்தக் கலங்கின பக்கத்தில், வலமிருந்து மூன்றாவதாக நின்றிருக்கிறார்.

தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

“மொத நாளே வேட்டியச் சொன்னேன். நீ விட்டியா? அதான் அந்தப் பக்கம் தெளியட்டும்னு சொல்லிட்டே இருந்தேன்.”

கண்ணாடியைத் திருப்பிச் செருகினேன். இந்தத் தடவை அவர் தெளிந்த பக்கத்திலேயே வந்து நின்றார். குள்ளம். காது கொஞ்சம் விரிந்தது. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடையோடு ஒட்டிவைத்திருந்தார். கண் அகலமாகத் திறந்திருந்தது. போச்சு, காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

தங்கை சுவர்ப்பக்கம் போய் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

“பயந்துட்டு நிக்காரு அண்ணே” என்றாள். “என்னப் போலத்தான்.”

அவள் பயந்துகொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். விளக்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அணைச்சிரு. நாளைக்கு ஓலைய வாசிக்கச் சொல்லு” என்றாள்.