சரசுவின் புண்ணைக் கழுவக் கேட்ட வரம்

என் மனைவி சரசு படுத்திருந்த அறைக்குள் போக எனக்குப் பயமாக இருந்தது. வெளியே சொல்ல வெட்கம்தான். ஆனால் அம்மனை நம்புகிற உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நான் சேந்தமங்கலத்துக்காரன். இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டினேன். சரசுவுக்கு மார்பில் புற்றுநோய். போன ஆடியில் சேலத்து டாக்டர், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆவணியில் கட்டி உடைந்து புண்ணானது. வாடை வீடு முழுக்க நின்றது. ஒருநாள் துணியை மாற்றப் போனவன், பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். சரசுவுக்குக் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து அவள் யாரையும் தொடவிடவில்லை. பழைய சேலைத் துணியைத் தானே அமுக்கி வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேத்தியோடு வரட்டுமா என்று மகள் கேட்டதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள்.

மாரியம்மனிடம் முதலில் அவள் உயிரைக் கேட்டேன். பிறகு, வலி தெரியாமல் கூட்டிக்கொள் தாயே என்றேன். இரண்டும் நடக்கவில்லை. கடைசியில், புரட்டாசியில் ஒருநாள் கோயில் படியில் உட்கார்ந்து, அவள் பக்கத்தில் இருக்கிற தெம்பை மட்டும் கொடு என்று அழுதேன்.

மூன்றாம் நாள் காலை, அரசு சுகாதார நிலைய நர்ஸ் ஒருவர் பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க வந்தார். வாடை அவருக்கு எட்டியிருக்கிறது. விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார். மூக்கைப் பொத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சரசுவின் கையைப் பிடித்தார்.

"உங்க மேல தப்பு ஒண்ணுமில்லீங்கக்கா. வாடையக் குறைக்க மருந்து இருக்குதுங்க" என்றார். சரசு அழுதுவிட்டாள்.

உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறின தண்ணீரை ஊற்றி, புண்ணில் ஒட்டியிருந்த துணியை ஊறவைத்து, இழுக்காமல் எடுத்தார். கழுவினார். டாக்டரிடம் போனில் கேட்டு, வாடையைக் குறைக்கும் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினார். வலி குறையவும் மருந்து வாங்கித் தந்தார். மறுநாள் வந்தவர், பஞ்சை என் கையில் கொடுத்துவிட்டார். நனைத்துப் புண்ணருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். சரசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்லீங்க. மெதுவாத் தொடுங்க" என்றாள்.

தொட்டேன். முழுக்கக் கழுவி முடித்தேன்.

ஒரு வாரத்தில் வாடை அடங்கியது. மகளை வரச் சொல்லுங்கள் என்று சரசுவே கேட்டாள். பேத்தி அவளை ஒட்டிப் படுத்துத் தூங்கினாள்.

ஐப்பசிக் கடைசியில் சரசு போய்விட்டாள். காலையில் கட்டு மாற்றிவிட்டுக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மூச்சு இல்லை. ஏன் குணமாக்கவில்லை என்று அம்மனிடம் இன்றும் கேட்கிறேன். ஆனால் பஞ்சைக் கையில் வாங்கின நாளிலிருந்து நாற்பது நாளும் அவளை நான்தான் கழுவினேன். அந்தத் தெம்பு என்னுடையது இல்லை.

இப்போது இப்படிப் புண்ணோடு படுத்திருப்பவர்கள் வீட்டுக்கு அந்த நர்ஸ் கூப்பிட்டால் போகிறேன். போன வாரம் ஒருவர், தம்பியின் படுக்கைப் புண்ணைப் பார்க்க முடியாமல் வெளியே நின்றார். அவர் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன்.

குணமாக்கு என்று கேளுங்கள், தப்பில்லை. கூட இருக்கத் தெம்பு கொடு என்றும் கேளுங்கள். என்னைப் போன்றவனுக்கே தாய் கொடுத்தாள்.