டீ மாஸ்டருக்கு அளந்த தண்ணீர்

ஊரே ஆசையாகச் சாப்பிடுவதை ஒருவரிடம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிச் சம்பளம் வாங்குவதுதான் டயட்டீஷியன் வேலை. கடலூரில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் நான் அந்தச் சம்பளத்தை வாங்குகிறேன். என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்கும், என்னிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கும் இது நன்றாகவே புரியும்.

பாசத்தோடு வந்த குலை

சிதம்பரத்தில் டீக்கடை வைத்திருக்கும் குமரேசன் எங்களிடம் வர ஆரம்பித்த புதிது. குறிஞ்சிப்பாடியிலிருந்து அவருடைய மச்சான் பைக்கில் ஒரு குலை இளநீரோடு வந்து இறங்கினார். வாசலிலேயே மறித்தேன். கிட்னி வேலை செய்யாதவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் உடம்பிலேயே தங்கிவிடும், இதயமே நின்றுபோகலாம் என்று பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எளநீ வேணாங்குற ஆஸ்பத்திரிய இப்பதான் பாக்குறேன். மேடம் படிச்சு முடிச்சிட்டீங்களா, இன்னும் படிக்கிறீங்களா?"

கணக்கில் வராத டீ

ஒவ்வொரு முறையும் குமரேசன் எடை ஏறித்தான் வருவார். கால் வீங்கியிருக்கும், மூச்சு வாங்கும். குடிக்கும் தண்ணீர் உடம்பில் தேங்குகிறது என்று அர்த்தம். அடுப்படியில் நின்றால் தாகம் அடங்காது, கடையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி மலர்க்கொடி கடைக்கு ஆள் தேட ஆரம்பித்தார். குமரேசன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டதைவிட இதற்குத்தான் அதிகம் உடைந்துபோனார்.

ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று நான் அளந்து கொடுத்த தண்ணீர் பாட்டிலுக்கு மேல் ஒரு வாய் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தார். பொய் சொல்லும் முகமாகத் தெரியவில்லை. காலையிலிருந்து வாயில் போவதையெல்லாம் சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு டிக்காஷனுக்கும் ருசி பார்க்க ஒரு டீ, மத்தியானம் ஒரு சொம்பு கூழ், வெயிலுக்கு மோர். இதெல்லாம் பாட்டில் கணக்கில் வராதா என்றேன்.

"டீ எப்படி மேடம் தண்ணியாவும்? டீ வந்து டீ. கூழு சாப்பாடு."

கொத்சுக்கு அனுமதி

எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை. இதை யாரும் அவரிடம் சொல்லவே இல்லையே என்றுதான். கடையை விடச் சொல்வதற்கு முன் ஒரு மாதம் பொறுங்கள் என்று டாக்டரிடம் சண்டை போடாத குறையாகத் தவணை வாங்கினேன். தாகத்துக்கு அடுப்பு மட்டும் காரணமில்லை. மத்தியானக் கருவாடும், கடை ஜாடியில் இருந்த மிக்சரும், ஊறுகாயும் சேர்ந்த உப்புதான் பெரிய காரணம். உப்பைக் குறைத்தால் தண்ணீர் தானாகக் குறையும். டீயும் கூழும் இனி பாட்டில் கணக்குக்குள்ளேயே என்றும் முடிவானது.

ஆனால் உப்பில்லாத சோறு யாருக்கு இறங்கும்? மலர்க்கொடியை உட்கார வைத்துப் பேசினேன். கத்திரிக்காயை வேகவைத்து, பொட்டாசியம் இறங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, கொத்தமல்லியைத் தூக்கலாக வறுத்துப் பொடித்து, புளியும் உப்பும் பேருக்குச் சேர்த்துக் கொத்சு செய்யச் சொன்னேன். அடுத்த முறை வந்த குமரேசன் என்னைப் பார்த்ததும் கண்கலங்கிவிட்டார்.

"இத்தினி நாளா அல்லாரும் கூடாது கூடாதுன்னாங்க. சாப்புடுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

சிதம்பரத்தில் ஒரு டீ

எடை மெல்ல மெல்ல அடங்கியது, மூச்சு வாங்குவதும் நின்றது. டாக்டர் எடை மிஷின் சரியாக இருக்கிறதா என்று தானே ஏறிப் பார்த்துவிட்டு, கடையை அவரே நடத்தட்டும் என்றார். அன்று நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள் எனக்குப் புரொமோஷன் என்று நினைத்திருப்பார்கள்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகச் சிதம்பரம் போனவள், அந்தக் கடையில் நின்றேன். பாய்லருக்குப் பின்னால் குமரேசன்தான் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ருசி பார்க்கும் வேலை மலர்க்கொடியுடையது. குமரேசன் எனக்கு நுரை பொங்க ஒரு கிளாஸ் வைத்தார். அவர் முன்னால் குடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அது அவருக்குப் புரிந்துவிட்டது.

"குடிங்க மேடம். கடை என் கையில இருக்குது, அது போதும் எனக்கு."

சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்திதான் என்றாலும், ஊருக்கெல்லாம் அளவு சொல்லும் நான் அன்று பெருமையில் இரண்டாவது கிளாஸும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.