அடுப்புக்கு மேல் ஒரு ஓட்டை

பசறைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளாகக் கட்டிய எங்கள் லயத்துக் குசினிக்கு ஜன்னல் கிடையாது. விடியற்காலைப் பனிக்காற்றுக்குக் கதவையும் சாத்திவிட்டுத்தான் அம்மா ரொட்டி சுடுவார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், அம்மாவின் இருமல் தாங்காமல் அப்பா அடுப்புக்கு நேர் மேலே கூரைத் தகரத்தில் ஓட்டை போட்டார். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் மறுநாளே ஆள் அனுப்பி அதை அடைத்தார். அப்பா அவரிடமே போய்க் கேட்டார்.

"தகரம் தோட்டத்துச் சொத்து. ஒருத்தன் வெட்டினால் எல்லாரும் வெட்டுவினம்."

"பொம்பளைக்கு மூச்சு வாங்குதுங்க ஐயா."

"புகை பழகிப்போயிடும்."

பழகவில்லை. நான் படித்து முடித்து, வீடுகளுக்குள் காற்றின் மாசை அளக்கும் ஆய்வுக் குழுவில் சேர்ந்தபோது, அம்மாவால் ஒரே மூச்சில் ஒரு வசனத்தை முடிக்க முடியவில்லை. எங்கள் தோட்டத்தை நான்தான் முன்மொழிந்தேன். முதல் வீடாக எங்கள் வீட்டை வைத்ததும் நான்தான். அளக்கும்போது தோட்டத்தின் சார்பில் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்டோம். தோட்டத்தை நடத்தும் துரை அனுப்பியது அதே பெரிய கிளாக்கரை. தலை நரைத்திருந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

நிபந்தனைகளைச் சொன்னேன். சமையல் வழக்கம்போல நடக்க வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். முடியும்வரை யாரும் வெளியே போகக் கூடாது. முதல் இரண்டும் ஆய்வின் விதிகள். மூன்றாவது என்னுடையது.

அவருக்கு அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டேன். அம்மா தேயிலைச் செடியில் கவ்வாத்து வெட்டிய பச்சை மிலாறுக் குச்சிகளை அடுப்பில் செருகி ஊதினார். எங்கள் வீட்டில் காய்ந்த விறகும் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் கைக்குட்டையை எடுத்தார்.

"பிள்ளை, கதவைக் கொஞ்சம் திறவுங்கோ."

"அளவு பிழைச்சுப்போகும்ங்க ஐயா."

அம்மா திரும்பிப் பார்த்தார். "என்னாங்க ஐயா... கண்ணு கலங்குது? பழகிரும்ங்க."

அப்போதுதான் அவர் அம்மாவைக் கூர்ந்து பார்த்தார். பிறகு என்னை. இருமினார். எழுந்தார், நான் கதவருகே நின்றதைக் கண்டு மறுபடியும் உட்கார்ந்தார். கருவியின் திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. எனக்குப் பாவமாக இல்லை.

"தகரத்தை வெட்டுங்கோ," என்றார் கடைசியில். "நாளைக்கு ஆள் அனுப்புறன்."

"ஏணி ஸ்டோர்லதான் இருக்கு. இன்னைக்கே அனுப்புங்க. இந்த வீட்டுக்கு மட்டுமில்ல, லயம் முழுசுக்கும்."

தலையாட்டினார். அதன் பிறகுதான் கதவைத் திறந்தேன்.