ரேடியேட்டரில் ஒரு பிடி மஞ்சள்

சளிக்கென்று இன்று மஞ்சள்பால் காய்ச்சியபோது எழுந்த வாசனை என்னைக் கல்வராயன் மலையின் சுனை வளைவுக்குக் கொண்டுபோனது. ரோட்டை அகலமாக்கியதில் அந்தச் சுனை இப்போது இல்லை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய எங்கள் பழைய பிக்கப் அங்கே வந்ததும் ஆவி கக்கி நிற்கும். சூடு ஆறும்வரை பீடி குடித்துவிட்டு, சுனைத் தண்ணீரோடு ஒரு பிடி மஞ்சள்தூளையும் ரேடியேட்டரில் கொட்டுவார் அப்பா. மஞ்சள் போய் ஓட்டையை அடைத்துவிடுமாம்.

ஒருநாள் கூட வந்திருந்த அம்மா குனிந்து, ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் பைப்பின் முனையைத் தடவினாள். விரல் மஞ்சளாக வந்தது.

"இன்னாங்க, இங்க ஒழுவிக்கினு இருக்குது, நீங்க அங்க அடச்சிக்கினு இருக்கீங்க?"

அப்பா பைப்பின் கிளிப்பை முறுக்கினார். ஒழுகல் நின்றது.

அடுத்த நடையில் வண்டி கொதிக்கவில்லை. ஆனாலும் அதே வளைவில் நிறுத்தி, சுனைத் தண்ணீரை மொண்டு குடிக்கச் சொல்லி அம்மாவிடம் நீட்டினார்.