பிப்ரவரியில் நின்ற கணினி

திருநகர் வீட்டுக்கு பிராட்பேண்ட் இணைப்பு வாங்கியது இரண்டாயிரத்து ஏழில், என் மகளுக்காக. அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. வேதியியலில் எம்.பில். முடித்துவிட்டு வில்லாபுரத்தில் ஒரு பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர வேண்டும் என்பது அவள் எண்ணம். அவள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டுக்கும் வீட்டில் ஒரே கணினிதான் இருந்தது.

அவளுக்குச் செவ்வாய் தோஷம். வந்த ஜாதகங்களை எல்லாம் ஜோசியரிடம் தூக்கிக்கொண்டு அலைந்து அலுத்துப்போய், என்னோடு கல்லூரியில் வேலை பார்த்த நண்பர் கொடுத்த ஒரு ஜாதக மென்பொருளைக் கணினியில் போட்டுக்கொண்டேன். முப்பது நாள் இலவசமாக ஓடும். பிறகு விலைக்கு வாங்கச் சொல்லி நின்றுவிடும். கணினியின் தேதியைப் பின்னால் தள்ளி வைத்தால் அது ஏமாந்து தொடர்ந்து ஓடும் என்பதையும் நண்பரே சொல்லிக்கொடுத்தார். நான் பிப்ரவரிக்குத் தள்ளினேன். முப்பது நாள் நெருங்கும்போதெல்லாம் மறுபடி தள்ளுவேன். அந்தக் காலத்துக் கணினியில் மூலையில் மணி மட்டும்தான் தெரியும். தேதி பார்க்க மவுஸை அதன் மேல் கொண்டுபோய் வைக்க வேண்டும். யாரும் வைக்கவில்லை. ஊரெல்லாம் ஜூன் மாதம், எங்கள் கணினிக்குள் பிப்ரவரி. கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் செய்கிற வேலையா இது என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

விண்ணப்பத்துக்கு ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. கட்டணத்தையும் இணையத்திலேயே கட்ட வேண்டும், என்னுடைய கிரெடிட் கார்டில். அந்த வாரம் திங்கட்கிழமை அவள் உட்கார்ந்தபோது பல்கலைக்கழகத்தின் பக்கம் திறக்கவில்லை. பத்திரிகைகள் வந்தன, மெயில் வந்தது, ரயில் டிக்கெட் பக்கம்கூட வந்தது. இது மட்டும் பாதுகாப்புச் சான்று சரியில்லை என்று ஒரு சின்னப் பெட்டியைக் காட்டும். சரி என்று அழுத்தினால் வெள்ளையாக நிற்கும். சென்னையில் இருந்த தோழிக்குப் போன் செய்து கேட்டாள். அங்கே நன்றாக வருகிறதாம்.

புதன்கிழமை காலை ஆரப்பாளையத்திலிருந்து கணினி பழுது பார்ப்பவரை வரவழைத்தேன். அவர் மோடத்தைக் கழற்றி மாட்டினார், வயரை மாற்றினார், வைரஸ் தேடினார். ஒரு மணி நேரம் போயிற்று.

"லைன்ல ஒரு குத்தமும் இல்ல சார். இதுல தப்பு இருந்தா நான் மீசைய எடுத்துர்றேன்" என்றார்.

"மீசைய நீங்களே வச்சுக்கங்கண்ணே. எனக்கு அந்த ஒரு பக்கத்தத் தொறந்து குடுங்க, போதும்" என்றாள் மகள். பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனாள். அவரும் பல்கலைக்கழகத்தின் சர்வர்தான் படுத்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் நான் தனியாக உட்கார்ந்து அந்தப் பெட்டியைப் படித்தேன். கீழே விவரம் பார்க்க ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினேன். பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புச் சான்று எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று அதில் போட்டிருந்தது. மே மாதம் புதுப்பித்திருக்கிறார்கள். பிப்ரவரியில் நிற்கும் கணினிக்கு அது இன்னும் பிறக்காத சான்று. அதனால்தான் நம்ப மறுக்கிறது. பழைய சான்று உள்ள பக்கங்கள் எல்லாம் அதனால்தான் திறக்கின்றன. புரிந்துகொள்ள எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. தேதியை ஜூனுக்கு மாற்றினேன். பக்கம் உடனே வந்தது. ஏப்ரலிலேயே அவள் பாதி நிரப்பி வைத்திருந்த விண்ணப்பம், அவள் பெயர், நாங்கள் ஸ்டூடியோவில் எடுத்த புகைப்படம், எல்லாம் வந்தன.

அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அவளுடைய அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வரன் வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்தது. தோஷத்துக்குத் தோஷம் சரியாக இருந்தது. பத்தில் எட்டுப் பொருத்தம். இவள் வடக்கே போனால் ஐந்து வருடம். திரும்பி வரும்போது முப்பத்து மூன்று. நான் மறுபடி தேதியைப் பிப்ரவரிக்குத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. தெரிந்து செய்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் தெரிந்தே இருந்தேன்.

வியாழக்கிழமை அவள் மூன்றாவது ஸ்டாப்பில் உள்ள பிரவுசிங் சென்டருக்குப் போய் அனுப்பிவிடுகிறேன், கார்டைக் கொடுங்கள் என்று கேட்டாள். கண்ட இடத்தில் கார்டு நம்பரைத் தட்டினால் திருடிவிடுவார்கள் என்றேன். கூடவே வாருங்கள் என்றாள். இடுப்பு வலி என்றேன். சென்னைத் தோழியின் கணவரிடம் கார்டு கேட்கலாமா என்றபோது, அடுத்தவனிடம் போய் நிற்பது நம் வீட்டுப் பழக்கமில்லை என்று அவளை அடக்கினேன். லைனில்தான் கோளாறு, டெலிபோன் ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நாளைக்குள் பார்த்துவிடுவார்கள் என்றும் சொன்னேன். புகார் எதுவும் நான் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளியில் அரை நாள் விடுப்பு எடுத்துவிட்டு ஒரு மணிக்கே வந்துவிட்டாள். சாப்பிடவில்லை. ஐந்து மணிவரை அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நாற்காலியில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஒவ்வொரு முறை தட்டும்போதும் பின்னல் லேசாக ஆடியது. எழுந்து போய், ஒரு நிமிடம் தள்ளிக்கொள் என்று சொல்வதற்கு நான்கு மணி நேரம் இருந்தது. ஐந்தடித்ததும் அவளே கணினியை நிறுத்திவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்காக எம்புட்டு அலைஞ்சிட்டீங்கப்பா. விடுங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை தேதியைச் சரிசெய்தேன். ஜாதக மென்பொருள் நின்றுபோனது. ஆபீஸ்காரர்கள் ஏதோ பண்ணிவிட்டார்கள் போலிருக்கிறது, இப்போது எல்லாப் பக்கமும் வருகிறது என்றேன். அவள் வந்து பார்க்கக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சொன்னபடி சேலை கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். பிடித்திருக்கிறதா என்று அவள் அம்மா கேட்டதற்கு, "அப்பா பாத்தா சரிம்மா" என்றாளாம்.

மாப்பிள்ளை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். திண்டுக்கல்லில் கடை. இவள் வேலைக்குப் போவது அங்கே யாருக்கும் பிடிக்கவில்லை, விட்டுவிட்டாள். அந்த வீட்டில் அவளுடைய புத்தகங்கள் இருந்த அட்டைப் பெட்டிகளைப் பிரிக்காமலே பரணில் ஏற்றியிருந்ததை ஒருமுறை பார்த்தேன். அடுத்த வருடமும் விண்ணப்பிக்கலாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை. தன் விதி அப்படி என்று அவள் எடுத்துக்கொண்டாள். அந்த விதியை நான் பக்கத்து அறையில் இருந்துகொண்டு எழுதியதை அறியாமலே என் மனைவியும் நான்கு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேதியை மாற்றியது, பக்கம் வந்தது, அவள் படத்தைப் பார்த்தது, திரும்பத் தள்ளி வைத்தது.  இடையில் அவள் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது. முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சரி பண்றதுக்கு எம்புட்டு நேரம் ஆச்சு உங்களுக்கு?"

"ஒரு நிமிசம் இருக்கும்மா" என்றேன்.

"சரிப்பா. வைக்கிறேன்" என்றாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைதோறும் திண்டுக்கல்லிலிருந்து போன் வருகிறது. மாப்பிள்ளைதான் பேசுகிறார். மாத்திரை சாப்பிட்டீர்களா, சமையல்கார அம்மா ஒழுங்காக வருகிறாரா என்று விசாரிக்கிறார். மகள் எங்கே என்று கேட்டால் குளிக்கிறாள் என்கிறார். ஒரு வருடமாக, நான் கேட்கும்போதெல்லாம், அவள் குளித்துக்கொண்டிருக்கிறாள்.